ஸ்பிரேயர் லித்தியம் பேட்டரிக்குப் பழைய சார்ஜரைப் போடலாமா? பச்சை எரியுது, திரும்பச் சிவப்பு எரியுது

மல்லித்தோட்டம் (உசிலம்பட்டி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, முதல்லயே சொல்லிடுறேன். முக்கால் ஏக்கர் மல்லி வச்சிருக்கேன். விடிகாலை பூ எடுத்து அனுப்பிட்டு, சாயங்காலம் வெயில் தாழ மருந்தடிக்கிறது. மொட்டுப்புழு இறங்கிட்டா ஒரு நாள் தள்ளிப்போட முடியாது. அன்னைக்குன்னு பார்த்து ஸ்பிரேயர்ல சார்ஜ் இல்லைன்னா கை ஒடிஞ்ச மாதிரி.

முதுகுல மாட்டுற 16 லிட்டர் ஸ்பிரேயர். வாங்கும்போது உள்ள இருந்தது 12 வோல்ட் 8 ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) ஈய பேட்டரி. ரெண்டு வருஷம் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஆறு டேங்க் அடிச்சதும் பம்பு மூச்சு வாங்க ஆரம்பிச்சது, பிறகு மூணு டேங்க், கடைசில ஒண்ணரை. மதுரைக்குப் போன அன்னைக்கு ஒரு கடைல காட்டுனேன். "இதைத் தூக்கிப் போடுங்க, லித்தியம் மாட்டித் தாரேன், பாதி வெயிட்டுகூட இருக்காது"ன்னாங்க. வெயிட்டு விஷயத்துல பொய் இல்ல. நீல பிளாஸ்டிக் சுத்துன கட்டி, கைல தூக்குனா ஒரு கிலோதான் இருக்கும். 12 வோல்ட் 12 ஏஎச்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. சார்ஜர் வேற வாங்கணுமான்னு கேட்டேன். "அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட், பழசையே போடுங்க"ன்னுட்டாங்க.

மூணு வாரமா பழசையேதான் போடுறேன். மருந்தடிக்கும்போது ஒரு குறையும் இல்ல. ஆனா ராத்திரி சார்ஜ் போட்டா சிவப்பு லைட்டு எரிஞ்சு பச்சைக்கு வருது, அரை மணி கழிச்சுத் திரும்பச் சிவப்பு, கொஞ்ச நேரத்துல பச்சை. விடிய விடிய இதே கூத்து. முந்தாநாள் மோட்டார் ரூம்ல போட்டிருந்தேன், மேல தகரக் கூரை. பூ எடுக்கப் போற வழில தொட்டுப் பார்த்தா பேட்டரி வெதுவெதுன்னு இருக்கு, பயந்து பிடுங்கிட்டேன்.

கேக்க வேண்டியது ரெண்டு. இந்த சார்ஜரைப் போடலாமா? எங்க ஊர்ல ஒருத்தர், சோலார் தகடு ஒண்ணு வாங்கி நேரா மாட்டிரு, கரண்டே வேணாங்கிறாரு, அது சரிப்படுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருநகர் ரைடர்

ப்ரோ, லித்தியம் பேக்னா உள்ள பிஎம்எஸ்னு ஒரு பாதுகாப்பு போர்டு இருக்கும். ஓவர்சார்ஜ் ஆனா அதுவே கட் பண்ணிரும். லைட்டு மாறி மாறி எரியுதுன்னா பிஎம்எஸ் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்பட ஒண்ணும் இல்ல, சும்மா போடுங்க.

பழங்காநத்தம் பேட்டரிக்காரன்

தம்பி, சும்மாவும் போட வேணாம், சுக்காவும் போட வேணாம். இன்னைக்கு ராத்திரி அந்தச் சார்ஜர் கிட்டயே போகாதீங்க.

வீட்ல மல்டிமீட்டர் இல்லைன்னா பக்கத்துல வயர்மேன் யார்கிட்டயாவது இருக்கும், வாங்கி ரெண்டு அளவு எடுத்துச் சொல்லுங்க. சார்ஜரைக் கரண்ட்ல சொருகி, பேட்டரில மாட்டாம, பின்ல எத்தனை வோல்ட் காட்டுது? பச்சை எரிஞ்சு கழட்டுன பேட்டரில எத்தனை காட்டுது? இது ரெண்டும் தெரியாம நான் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

மல்லித்தோட்டம்

அண்ணே, மீட்டர் கிடைச்சது. சார்ஜர் 14.6. பேட்டரி 12.72.

பழங்காநத்தம் பேட்டரிக்காரன்

அப்பச் சந்தேகமே இல்ல. 12.72ஐ மூணால வகுங்க, 4.24 வருது. உங்க கட்டிக்குள்ள செல்லுகளை மூணு வரிசையாத் தொடுத்திருக்காங்க. இந்த ரக செல்லுக்கு வயிறு நிறையுற அளவு 4.20 வோல்ட். மூணு சேர்ந்தா 12.6. உங்க சார்ஜர் தள்ளுறது 14.6. அதையும் மூணால வகுத்துப் பாருங்க, 4.87க்கு அது அந்தச் செல்லைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது. போகவிடாமக் குறுக்க நிக்கிறது பிஎம்எஸ் ஒண்ணுதான். 4.25 வாக்குல அது கதவைச் சாத்துது. சார்ஜர், பேட்டரி குடிக்கிறத நிறுத்திருச்சுன்னு நினைச்சுப் பச்சை காட்டுது. செல்லு கொஞ்சம் இறங்குனதும் கதவு திறக்குது, சிவப்பு. நீங்க பார்த்த கூத்து இதான்.

திருநகர் தம்பி கோவிச்சுக்க வேணாம். ஹெல்மெட் போட்டிருக்கோம்னு தினமும் போய் லாரில முட்டுவோமா? பிஎம்எஸ் கடைசிக் காவல். அதுல ஸ்விட்சு மாதிரி இருக்கிற மாஸ்ஃபெட் செத்தா பல சமயம் ஷார்ட்டாகித்தான் சாகும், அதாவது கதவு திறந்தபடியே செத்துக் கிடக்கும். அன்னைக்கு லைட்டு மாறாது, சிவப்பாவே எரியும். பக்கத்துல நீங்க இல்லாம இருந்தாச் சரி.

கடைக்காரர் வேணும்னே ஏமாத்துனாருன்னு நான் சொல்லமாட்டேன். 12 வோல்ட் லித்தியம்னு மார்க்கெட்ல ரெண்டு ரகம் ஓடுது. ஒண்ணு உங்களுது, நிறைஞ்சா 12.6. இன்னொண்ணு எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட். அதுல ஒரு செல்லு 3.2 வோல்ட், நாலு தொடுத்திருப்பாங்க, நிறையுறது செல்லுக்கு 3.65, மொத்தம் 14.6. உங்க பழைய சார்ஜர் அதுக்குத் தற்செயலாப் பொருந்திப் போகும். அதைப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் அதையே சொல்லிப் பழகியிருப்பாரு. அப்படியே பொருந்துனாலும் சில சார்ஜர்ல ஈயத் தகட்டுல படிஞ்ச உப்பைக் கரைக்கன்னு 15க்கு மேல உதைக்கிற வேலை இருக்கும். அது எந்த லித்தியத்துக்கும் ஆகாது.

ஈய பேட்டரிக்கு எப்படிச் சார்ஜ் பண்ணுவாங்கன்னா, 14.4 பக்கம் வரை ஏத்தி, அப்புறம் 13.6, 13.8ல இறக்கி அப்படியே விட்டுருவாங்க. ஃப்ளோட்டுன்னு பேரு. மாசக்கணக்காக் கிடந்தாலும் சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கிட்டே கிடக்கும், மிஞ்சுனது கேஸாப் போகும். லித்தியத்துக்கு இந்தச் சொட்டுப் பழக்கமே கிடையாது. நிறைஞ்சா நிறைஞ்சதுதான், மிஞ்சுனதை வைக்க அதுக்கு இடமில்ல. அதனால லித்தியத்துக்கு முறை வேற: முதல்ல ஆம்பியரைக் கட்டி வச்சு ஏத்தணும், 12.6 தொட்டதும் வோல்ட்டைக் கட்டி வச்சு நிக்கணும், ஆம்பியர் தானா வடிஞ்சு அடி மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திரணும். சிசி சிவின்னு சார்ஜர்ல போட்டிருக்கும்.

உங்களுது மாதிரியே ஒரு 12 ஏஎச் கட்டியை நான் ஒரு நாள் உக்காந்து நோட்டுல எழுதுனேன். 3 ஆம்பியர் சார்ஜர். சாயங்காலம் ஆறுக்குப் போட்டேன். ஒன்பதரைக்கு 12.6 தொட்டது, அது வரைக்கும் முள்ளு 3 ஆம்பியர்லயே நின்னுச்சு. அதுக்கப்புறம் 2, ஒண்ணரை, 1னு வடிஞ்சு பத்தரைக்குப் பச்சை. மறுநாள் அதே கட்டிக்கு 6 ஆம்பியர் சார்ஜர். ரெண்டு மடங்கு வேகம், பாதி நேரம்னுதானே நினைப்போம்? ஒண்ணரை மணி நேரத்துலயே 12.6 தொட்டுருச்சு, ஆனா அப்ப ஏறுனது முக்காவாசிதான். வடியுறதுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டே முக்கால் மணி. கட்டிச் சூடு மட்டும் கூட. அவசரமா நாலு டேங்க் அடிக்கணும்னா 6 ஆம்பியர்ல ஒரு மணி நேரம் போட்டு எடுத்துக்கலாம், அதுல லாபம் இருக்கு. விடிய விடியத் தூங்கப் போறவனுக்கு 6 ஆம்பியர் எதுக்கு?

போன்ல அரை மணில ஏறுதேன்னு கேப்பீங்க. போனும் சார்ஜரும் பேசிக்கிட்டே ஏத்துது. உள்ள சூடு பார்க்கிற சென்சார் இருக்கு, சூடானா இழுப்பைக் குறைக்கும். அதுலயும் காலி வயித்துல இருக்கும்போதுதான் அந்த வேகம், 80 தாண்டுனா நடைதான். உங்க நீலக் கட்டில பேசுறதுக்கு ஆள் இல்ல.

இன்னொரு குறுக்குவழியும் சொல்றேன், நானே பண்ணியிருக்கேன். ரூட்டருக்கு வர்ற 12 வோல்ட் அடாப்டர். 12ஐ மூணால வகுத்தா 4.0, எல்லைக்குள்ளதான் நிக்குது, முக்கால் வாசிக்குக் கொஞ்சம் மேல ஏறும். ஆனா அதுக்கு ஆம்பியரைக் கட்டி வைக்கத் தெரியாது. காலியான கட்டியைக் கண்டா இழுக்க முடியாம விட்டு விட்டு எரியும், இல்லைன்னாச் சூடாகிச் செத்துப்போகும். ஒரு நாள் ஆபத்துக்குச் சரி, குடும்பம் நடத்த முடியாது.

12.6 வோல்ட் 3 ஆம்பியர்னு எழுதுன லித்தியம் சார்ஜர் தனியா வாங்குங்க. சொருகுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பாருங்க, 12.5க்கும் 12.65க்கும் நடுவுல இருந்தா எடுத்துக்கங்க.

அடுத்து சூடு. பெரும்பாலான செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே சொல்றான். சித்திரை வெயில் குடிச்ச தகரம் ராத்திரி எட்டு மணிக்கும் கொதிக்கும். மருந்தடிச்சு வந்த சூட்டோட அங்க போட்டா கணக்கு எங்க போய் நிக்கும்னு பார்த்துக்கங்க. எனக்கு வர்ற செத்த பேட்டரில பாதி சார்ஜராலச் செத்ததில்ல, வச்ச இடத்தாலச் செத்தது. அரை மணி ஆறவிடுங்க, காத்தோட்டமான இடத்துல, சிமெண்ட் தரைல வைங்க. மருந்து பாட்டிலும் வைக்கோலும் பக்கத்துல வேணாம்.

ஷேர் ஆட்டோ பெரியார்

பேட்டரிக்காரண்ணே சொன்ன சூடு விஷயம் நூத்துக்கு நூறு. நான் ஓட்டுறது மின்சார ஆட்டோ, எல்எஃப்பி பேட்டரி. ஆரம்பத்துல மத்தியானம் வண்டி வந்து நின்ன உடனே பிளக்கைச் சொருகுவேன். சார்ஜர் பாதிலயே நின்னுக்கும். சார்ஜர் போச்சுன்னு சண்டைக்குப் போனேன், பார்த்தா பேட்டரி சூட்டுல அதுவே நிறுத்திக்கிட்டு இருந்திருக்கு. இப்ப ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் அரட்டை, அப்புறம்தான் பிளக்கு.

முழுசாக் காலி பண்ணி முழுசா ஏத்துற பழக்கத்தையும் விட்டுட்டேன். மத்தியானம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். அரைகுறையா ஏத்துனாக் கெட்டுரும்னு பயமுறுத்துவாங்க, அது பழைய காலத்து பேட்டரிப் பேச்சு. ஆனா என் ரக பேட்டரில வாரத்துக்கு ஒரு தடவை 100 வரை விடணும். நடுவுல வோல்ட் ஏறாம இறங்காம ஒரே மட்டமா நிக்கும், மீட்டர் கணக்கு தப்பிரும். 30 காட்டிட்டே வந்து பொசுக்குன்னு கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னுருச்சு ஒரு நாள். பின்னாடி இருந்த பாட்டி இறங்கித் தள்ளவா தம்பின்னு கேட்டுச்சு.

கெமிஸ்ட்ரி டீச்சர்

கடைசி கால்வாசி மட்டும் ஏன் மெதுவா ஏறுதுன்னு என் பிள்ளைகளுக்கு மாட்டுத்தாவணி பஸ்ஸை வச்சுத்தான் சொல்லுவேன். காலி பஸ்ல எல்லாரும் ஓடிப்போய் உக்காந்துருவாங்க. சீட் நிறைஞ்சதும் ஒவ்வொருத்தரா நகர்ந்து, இடுக்கி, உள்ள போகணும். பஸ்ஸுங்கிறது பேட்டரிக்குள்ள இருக்கிற கிராஃபைட், ஏறுறவங்க லித்தியம் அயனிகள். உள்ள போக நேரம் கொடுக்காமப் பின்னாடி இருந்து தள்ளினா என்ன ஆகும்? படிக்கட்டுல தொங்குவாங்க. அதேதான். அவசரமா ஆம்பியரைத் தள்ளினா லித்தியம் உள்ள நுழையாம மேல்பரப்புலயே உலோகமாப் படிஞ்சுரும். படிஞ்சதுல ஒரு பங்கு திரும்ப வராது, கொள்ளளவு போச்சு. அது ஊசி மாதிரி வளர்ந்து எதிர்ப்பக்கம் தொட்டா உள்ளேயே ஷார்ட். குளிர்லயும் இது நடக்கும், உள்ள இருக்கிறவங்க நகரமாட்டாங்க. அதனாலதான் 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணாதேன்னு எழுதியிருப்பாங்க. மதுரைக்காரங்களுக்கு அந்தக் கவலை இல்லை, நமக்கு வாய்ச்சது மறுகோடி.

ஆட்டோ அண்ணன் ரகமும் தோட்டத்துத் தம்பி ரகமும் வேற வேறன்னு பேச்சு வந்ததால ஒண்ணு. 1980-ல தம்பி ரகத்துக்கு மூலமான கோபால்ட் ஆக்சைடு, 1997-ல அண்ணன் ரகமான இரும்பு பாஸ்பேட், ரெண்டுலயும் ஜான் குடினஃப்ங்கிற விஞ்ஞானி கை இருக்கு. 2019-ல நோபல் வாங்கும்போது அவருக்கு வயசு 97. காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனப்ப இதைச் சொன்னேன், ஒரு பையன் "அப்ப எனக்கு இன்னும் 82 வருஷம் டைம் இருக்கு டீச்சர்"ன்னான்.

திருநகர் ரைடர்

சரிண்ணே, லாரி உதாரணம் புரிஞ்சது. நானும் என் டிரிம்மருக்கு எந்தச் சார்ஜரைப் போடுறேன்னு போய்ப் பார்க்குறேன்.

மல்லித்தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. படிக்கும்போதே வயித்தைக் கலக்கிருச்சு. மூணு வாரமா அதைக் கட்டிலுக்குப் பக்கத்துலகூடப் போட்டிருக்கேன்.

அண்ணே, சோலார் பத்தி ஒண்ணும் சொல்லலையே. அவரு 50 வாட் தகடு பழசு ஒண்ணு தாரேங்கிறாரு. மோட்டார் ரூம் மேலதான் வைக்க முடியும்.

பழங்காநத்தம் பேட்டரிக்காரன்

வைங்க, ஆனா நேரா மாட்டாதீங்க. 12 வோல்ட் தகடுன்னு பேருதான், வெயில்ல சும்மா இருக்கும்போது 21, 22 காட்டும், வேலை செய்யும்போதே 18 பக்கம். பழைய சார்ஜர் 14.6க்கே இம்புட்டுக் கூத்து.

ஈய பேட்டரிக்குன்னு விக்கிற சோலார் கன்ட்ரோலரும் வேணாம், அதுலயும் அதே ஃப்ளோட்டுப் புத்திதான். லித்தியம், மூணு செல்லுன்னு செட் பண்ண முடியுற எம்பிபிடி கன்ட்ரோலர் (தகட்டுல இருந்து முடிஞ்ச மட்டும் இழுக்கிற ரகம்) கிடைச்சா நல்லது. காசு கூடன்னா, எக்ஸ்எல்4015னு ஒரு சின்ன போர்டு இருக்கு, ரெண்டு திருகு இருக்கும், ஒண்ணு வோல்ட்டுக்கு, ஒண்ணு ஆம்பியருக்கு. பேட்டரி மாட்டாம மீட்டர் வச்சு வோல்ட்டை 12.3க்குத் திருகுங்க. 12.6 இல்ல, 12.3. செல்லுக்கு 4.1 வரும். பத்துல ஒரு பங்கு குறைச்சலா ஏறும், ஆனா உச்சிலயே வெயில்ல நிக்காது, ஆயுசு நல்லாக் கூடும். அப்புறம் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, அவுட்புட்ல வச்சு ரெண்டு ஆம்பியருக்குத் திருகுங்க. அதுக்கு மேல வச்சா மேகம் மறைக்கும்போது தகடு படுத்துரும், ஒண்ணுமே ஏறாது. ராத்திரி பேட்டரி தகட்டுப் பக்கம் வடியாம இருக்க நடுவுல ஒரு டையோடு, வோல்ட்டை டையோடுக்கு அந்தப் பக்கம் அளந்து வைங்க.

தகடு கூரை மேல இருக்கட்டும், பேட்டரி கூரைக்குக் கீழ வேணாம். வயரை இழுத்து வேப்பமரத்து நிழலுக்குக் கொண்டு வாங்க.

மாசம் ஒரு தடவை வீட்டுச் சார்ஜர்ல 12.6 வரை ஏத்தி, பச்சை எரிஞ்ச பிறகும் ஒரு மணி நேரம் விடுங்க. மூணு வரிசையும் ஒண்ணுக்கொண்ணு சமமாகுறது உச்சில வரும்போதுதான். சமப்படுத்துற வசதி இருக்கிற பிஎம்எஸ்னா கூடுன வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு மட்டத்துக்குக் கொண்டு வரும்.

ஒண்ணு மறந்துட்டேன். ஸ்பிரேயர்ல சார்ஜ் சொருகுற ஓட்டையை மாத்திருங்க. பழைய சார்ஜர் பின்னும் அதுலதான் போகும். நீங்க படிச்சுட்டீங்க, வீட்ல இருக்கிறவங்க படிக்கல.

மல்லித்தோட்டம்

அண்ணே, ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும், முகூர்த்த சீசன்.

12.6 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர் வாங்கிட்டேன். கடைலயே மீட்டர் வச்சு அளந்தேன், 12.58. கடைக்காரர் என்னைய ஒரு மாதிரிப் பார்த்தாரு. இப்ப மருந்தடிச்சு வந்து குளிச்சுச் சாப்பிட்டுட்டுத்தான் சொருகுறது, திண்ணைல. பத்தரை, பதினோரு மணிக்குப் பச்சை வருது, வந்தா அப்படியே நிக்குது. தொட்டாச் சில்லுன்னு இருக்கு. நேத்து விடாம 13 டேங்க் அடிச்சேன், பம்பு மூச்சு வாங்கல, எனக்குத்தான் வாங்குச்சு. சோலார் போர்டு இன்னும் வாங்கல, தகடு வந்தப்புறம் திருகுறதுக்கு உங்களைத்தான் தொந்தரவு பண்ணுவேன்.

ஓட்டையும் மாத்திட்டேன், பழைய பின் உள்ள போகாது. நாலு நாளைக்கு முன்னாடி நான் கல்யாண வீட்டுக்குப் பூக்கணக்கு முடிக்க மதுரைல இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போன் பண்றாரு: "ஏண்டா, இந்தச் சார்ஜர் மொனை உள்ள போக மாட்டேங்குது, சாமண வச்சு நெருக்கிச் சொருகவா?"